லிக்விட் ஸ்டார்ட்டர்: சோடா கலப்பதில் இருந்து மில் சுற்றும் வரை

சிமென்ட் ஆலையில் இரும்பு உருண்டைகளை வைத்து அரைக்கும் பெரிய சுழல் உருளைக்குப் பால் மில் (ball mill) என்று பெயர். அதன் மோட்டாருக்குப் பக்கத்து ரூமில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி நிற்கும், அந்த மோட்டாரைக் கிளப்பும் லிக்விட் ஸ்டார்ட்டர் அது. உள்ளே மூன்று தொட்டி, தொட்டி நிறைய சோடாத் தண்ணீர். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவ்வளவு பெரிய மோட்டாருக்கு வெறும் தண்ணியா?" என்று கேட்பார்கள். ஆமாம், தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீருக்கு இத்தனை ஓம் என்று ஒரு கணக்கு உண்டு. அதை அளந்து வைத்திருக்கிற இடத்தில் மில் பூனை மாதிரி சத்தமில்லாமல் எழும். அளக்காத இடத்தில் ஒவ்வொரு ஸ்டார்ட்டும் கியர் பல்லில் விழும் சம்மட்டி அடி. அரியலூர் வட்டார சிமென்ட் ஆலைகளில் இந்தத் தொட்டிகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை, கையில் ஸ்பேனரோடு நிற்பவருக்குப் பயன்படுகிற மாதிரி முழுசாக எழுதுகிறேன்.

எதற்கு இந்தத் தொட்டி

சாதாரண ஸ்குவிரல் கேஜ் மோட்டாரில் ரோட்டாரை, அதாவது சுழலும் பகுதியை, நாம் தொடவே முடியாது. ஸ்லிப் ரிங் மோட்டாரில் ரோட்டார் வைண்டிங்கின் மூன்று முனைகளும் மூன்று வளையங்கள் வழியாகக் கார்பன் பிரஷுக்கு வந்து, அங்கிருந்து கேபிளில் வெளியே வருகின்றன. அந்த மூன்று கேபிளுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸ் சேர்த்தால் இரண்டு நல்லது ஒரே நேரத்தில் நடக்கும்: கரன்ட் குறையும், நிற்கிற நிலையிலேயே டார்க் (சுழற்றும் விசை) கூடும். மோட்டாரின் உச்ச டார்க் எவ்வளவு என்பது ரெசிஸ்டன்ஸால் மாறுவதில்லை, அது எந்த வேகத்தில் கிடைக்கும் என்பதுதான் மாறும். ரெசிஸ்டன்ஸைக் கூட்டினால் அந்த உச்சம் ஸ்டார்ட்டிங் பக்கம் நகரும், வேகம் ஏற ஏற நாம் ரெசிஸ்டன்ஸைக் குறைத்துக்கொண்டே வந்தால் மோட்டார் நல்ல டார்க்கிலேயே மேலே ஏறிவிடும்.

கடைசி வரை ஒரே மோட்டாரை வைத்துப் பேசுகிறேன், கணக்கு புரிய வசதியாக இருக்கும். 1500 கிலோவாட், 6.6 கிலோவோல்ட், 6 போல் (50 ஹெர்ட்ஸில் 1000 சுற்று), ஸ்டேட்டாரில், அதாவது சுழலாத பகுதியில், முழு லோடு கரன்ட் சுமார் 160 ஆம்பியர். நேம் பிளேட்டில் ரோட்டார் வோல்டேஜ் 1400, ரோட்டார் கரன்ட் 650 என்று போட்டிருக்கிறது. இதே மோட்டாரை ரோட்டாரை ஷார்ட் செய்து நேரடியாகப் போட்டால் ஐந்தாறு மடங்கு, அதாவது 800 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அப்படி இழுத்தும் பால் மில்லைத் தூக்கும் அளவு டார்க் வராது.

இரும்பு கிரிட் ரெசிஸ்டன்ஸிலும் இதே வேலை நடக்கும், ஆனால் அதில் படிப்படியாக வெட்டவேண்டும், ஒவ்வொரு படியிலும் ஒரு உதறல். தண்ணீரில், ஒவ்வொரு தொட்டியிலும் நகரும் எலக்ட்ரோடு நிலையான எலக்ட்ரோடை மெதுவாக நெருங்கி வருவதால் படியே கிடையாது. இன்னொன்று, தண்ணீர் சூட்டை நிறைய வாங்கிக்கொள்ளும். இப்போது புது ஆலைகளில் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் டிரைவ் போட்டுவிடுகிறார்கள், அது சரிதான். ஆனால் வேகத்தை மாற்றத் தேவையே இல்லாத பால் மில்லுக்கும் கிரஷருக்கும், ஏற்கெனவே நல்ல ஸ்லிப் ரிங் மோட்டார் இருக்கும்போது, லிக்விட் ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கை வைக்கும் முன்

இதைச் சொல்லாமல் மேலே போக மாட்டேன். தொட்டிதானே என்று நினைத்து ஸ்டேட்டார் பிரேக்கரை மட்டும் ஆஃப் செய்துவிட்டுக் கதவைத் திறக்கிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. நிற்கிற ரோட்டாரில், பிரேக்கர் விழுந்த, அதாவது ஆன் ஆன, அந்த நொடியில், ரிங்குக்கு ரிங் வருவது 1400 வோல்ட். உள்ளே இருப்பது சோடா கரைந்த தண்ணீர், கையெல்லாம் ஈரம். அதனால் பெர்மிட் வாங்கி, பிரேக்கரை வெளியே இழுத்து, பூட்டுப் போட்டு, ஹெச்.டி. (உயர் அழுத்த) கேபிளை எர்த் செய்த பிறகுதான் தொட்டி மூடியில் கை வைக்க வேண்டும். எலக்ட்ரோடை நகர்த்தும் சின்ன மோட்டாரின் சப்ளையையும் எடுங்கள், இரண்டு எலக்ட்ரோடுக்கு நடுவே கை இருக்கும்போது அது இறங்கினால் நிற்காது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடுங்கள், சோடாத் தூள் கண்ணில் விழுந்தால் பொல்லாத எரிச்சல். ஓடிக்கொண்டிருந்த தொட்டியில் கொஞ்சம் வாயு தேங்கியிருக்கலாம், மூடியைத் திறந்து காற்றோட விடும் முன் பக்கத்தில் வெல்டிங், தீக்குச்சி எதுவும் கூடாது.

எத்தனை ஓம் வேண்டும்

இது ஒரு வரிக் கணக்கு. ரோட்டார் வோல்டேஜை 1.732ஆல் வகுத்து, வருவதை ரோட்டார் கரன்டால் வகுக்க வேண்டும். நம் மோட்டாருக்கு 1400ஐ 1.732ஆல் வகுத்தால் 808, அதை 650ஆல் வகுத்தால் 1.24 ஓம். ஒரு ஃபேஸுக்கு இவ்வளவு இருந்தால் மோட்டார் நிற்கிற நிலையில் ஏறக்குறைய முழு லோடு டார்க்கைக் கொடுக்கும், முழு லோடு கரன்டை எடுக்கும். டார்க் எத்தனை மடங்கு வேண்டுமோ அதனால் 1.24ஐ வகுத்துக்கொண்டால் போதும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பால் மில்லை எழுப்ப 120 முதல் 150 சதவீதம் டார்க் வேண்டும் என்று கேட்டவுடன், ஆரம்ப ரெசிஸ்டன்ஸையே அதற்கு ஏற்ற மாதிரி 0.9 ஓமுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் பிரேக்கர் விழுந்த நொடியில் முழு டார்க்கும் கியரில் போய் மோதும். பினியனுக்கும் (மோட்டார் பக்கத்துச் சின்னப் பல்சக்கரம்) கர்த் கியருக்கும் (மில்லைச் சுற்றியிருக்கும் பெரிய பல்சக்கரம்) நடுவே இருக்கும் இடைவெளி ஒரே அடியில் மூடும் சத்தம் கன்ட்ரோல் ரூம் வரை கேட்கும். சரியான முறை என்னவென்றால், ஆரம்பத்தில் மில் அசையாத அளவு டார்க், சுமார் 70 சதவீதம் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளி மெதுவாக அடையும், கப்ளிங் இறுகும், அப்புறம் எலக்ட்ரோடு நகர நகர டார்க் ஏறி மில் தானாக எழும். 1.24ஐ 0.7ஆல் வகுத்தால் 1.77 வரும். நான் 1.78 என்று வைத்துக்கொள்கிறேன், இனி இதுதான் நம் குறி.

பெரிய ஃபேனாக இருந்தால் இன்னும் அதிக ரெசிஸ்டன்ஸில் ஆரம்பிக்கலாம். அதற்கு ஆரம்ப டார்க் குறைவாகப் போதும், ஆனால் எடை அதிகம் என்பதால் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும், எலக்ட்ரோடு இறங்கும் நேரத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர்

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி, அதனால்தான் அங்கே சிமென்ட் ஆலைகளே வந்தன. அதே சுண்ணாம்பு போர் தண்ணீரிலும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் சோடாவைப் போட்டால் சுண்ணாம்பு திரிந்து வெள்ளை வெள்ளையாக அடியில் இறங்கும், எலக்ட்ரோடு மேலேயும் பற்றும். ஒரு ஷட்டவுனில் எலக்ட்ரோடை வெளியே எடுத்துப் பார்த்தேன், அண்டாவின் அடியில் படிகிற உப்புப் பொறுக்கு மாதிரியே இருந்தது, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. அந்தப் பொறுக்கு படிந்த இடத்தில் கரன்ட் போகாது, மிச்சம் இருக்கிற பரப்பில் நெரிசலாகப் போகும். போட்ட சோடாவில் ஒரு பகுதி சுண்ணாம்போடு சேர்ந்து வீணாகிறது என்பதால் கணக்கும் பிசகும். டிஎம் தண்ணீர் (உப்பு நீக்கிய தண்ணீர்) கிடைத்தால் அதையே ஊற்றுங்கள், பாய்லர் வைத்திருக்கும் ஆலைகளில் எப்படியும் இருக்கும். இல்லையென்றால் டிஸ்டில்ட் வாட்டர். இந்த ஒரு செலவில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

எந்த சோடா

மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. சமையல் உப்பைப் போடவே கூடாது, இரும்பு அரித்துப்போகும். சமையல் சோடாவும் வேறு பொருள், பெயரைப் பார்த்து மாற்றிப் போட்டவர்கள் உண்டு.

ஒரு முக்கியமான விஷயம். கடையில் சலவை சோடா இரண்டு மாதிரி கிடைக்கும். ஒன்று நீர் இல்லாத வெள்ளைத் தூள், சோடா ஆஷ் என்பார்கள். இன்னொன்று கண்ணாடிக் கல் மாதிரியான படிகம், அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 1 கிலோ தூள் செய்கிற வேலையைச் செய்ய 2.7 கிலோ படிகம் வேண்டும். மேனுவலில் 10 கிலோ என்று இருப்பது எதைச் சொல்கிறது என்று பார்க்காமல் போட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு தவறு, எந்தப் பக்கமும் ஆகலாம்.

கலப்பது

தொட்டிகளைக் கழுவி, நல்ல தண்ணீரைக் குறி அளவுக்குக் கொஞ்சம் கீழே வரை நிரப்புங்கள். நம் ஸ்டார்ட்டரில் மூன்றும் சேர்ந்து 1200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சோடாவை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள், அடியில் போய்க் கல்லாகக் கட்டிக்கொள்ளும், அப்புறம் வாரக்கணக்கில் மெல்லக் கரைந்து அளவை மாற்றிக்கொண்டே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில், இரும்பு டிரம்மிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கிக்கொண்டே கரைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரமும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வாளியும் வேண்டாம், சோடா அவற்றைத் தின்னும்.

முதலில் போட வேண்டிய அளவில் பாதியை மட்டும் போடுங்கள். மேனுவல் தொலைந்துபோன பழைய ஸ்டார்ட்டராக இருந்தால் 1000 லிட்டருக்கு 3 கிலோ தூள் என்று ஆரம்பிக்கலாம். குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம், கூடிவிட்டால் வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர வழி கிடையாது. மூன்று தொட்டிக்கும் சமமாகப் பங்கிட்டு ஊற்றி, பம்ப் இருந்தால் அரை மணி நேரம் ஓட விடுங்கள், இல்லையென்றால் மரத் துடுப்பால் கலக்கி, எலக்ட்ரோடை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள்.

அளப்பது, இதுதான் உயிர்நாடி

மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தொட்டியில் விட்டால் வருகிற எண்ணை நம்பாதீர்கள். மீட்டர் கொடுப்பது டிசி. டிசி போனால் எலக்ட்ரோடு மேல் வேதிவினை நடந்து எதிர் வோல்டேஜ் எழும், எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஏசியில்தான் அளக்க வேண்டும்.

செய்முறை இப்படி. ரோட்டார் கேபிள்களை ஸ்டார்ட்டர் முனையில் கழற்றிவிடுங்கள். ஷார்ட்டிங் கான்டாக்டர், அதாவது ஸ்டார்ட் முடிந்ததும் ரோட்டார் கேபிள்களை ஒன்றாக இணைத்துவிடும் சுவிட்ச், திறந்திருக்கிறதா பாருங்கள். எலக்ட்ரோடை ஸ்டார்ட் நிலைக்கு, அதாவது மிகத் தள்ளி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு அடுத்து ஒரு வேரியாக் (வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்), தொடரில் ஒரு ஆம்மீட்டர், இணையாக ஒரு வோல்ட்மீட்டர். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 50 வோல்ட் வரும்படி வேரியாக்கைத் திருப்பிக் கரன்டைப் படியுங்கள். நகரும் எலக்ட்ரோடுகள் மூன்றும் ஒரே பட்டையில் ஸ்டாராகச் சேர்ந்திருப்பதால், இரண்டு ஃபேஸுக்கு நடுவே இரண்டு தொட்டியின் ரெசிஸ்டன்ஸும் தொடரில் வரும், அதனால் வருகிற விடையைப் பாதியாக்க வேண்டும். 50 வோல்டுக்கு 14 ஆம்பியர் என்றால் 3.57 ஓம், பாதி 1.78. நம் குறி அதுதான். மூன்று ஜோடியையும் அளங்கள், மூன்றும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நல்லது. ஒன்று மட்டும் விலகினால் அந்தத் தொட்டியின் மட்டத்தையும் சோடாவையும் பாருங்கள்.

முதல் முறை குறி கிடைக்காது. 4 கிலோ போட்டு அளந்ததில் 4.4 ஓம் வந்தது என்று வையுங்கள். நீர்த்த கரைசலில் சோடா இரண்டு மடங்கானால் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய பாதியாகும், அந்தக் கணக்கில் 10 கிலோ வேண்டும். ஆனாலும் நேராகப் 10க்குப் போகாமல் 8ல் நிறுத்தி, கலக்கி, மறுபடி அளங்கள். 2.3 வந்தால் இன்னும் 2 கிலோ, கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி அரை கிலோவில் பொறுமை வேண்டும்.

அளக்கும்போது தெர்மாமீட்டரும் தண்ணீரில் இருக்க வேண்டும், இதை மறந்தால் அளந்ததே வீண். ஒரு டிகிரி சூடு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 2 சதவீதம் குறையும். 30 டிகிரியில் 1.78 வைத்த தொட்டி, சித்திரை வெயிலில் 42 டிகிரிக்குப் போனால் 1.4 ஆகிவிடும். மார்கழி விடியற்காலையில் 22 டிகிரியில் 2.1க்கு ஏறும். குளிர்காலத்தில் மில் எழவே யோசிக்கிறது, கோடையில் உதறுகிறது என்று புகார் வந்தால் சோடாவில் கை வைக்காதீர்கள், அது அதே சோடாதான், வெப்பநிலைதான் மாறியிருக்கிறது. நான் தொட்டிக் கதவின் உள்பக்கம் 20 முதல் 50 டிகிரி வரை எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்று பெயின்டில் எழுதி வைத்துவிடுவேன்.

மோட்டார் பக்கம்

இதைச் சீக்கிரம் முடிக்கிறேன், ஸ்லிப் ரிங் பராமரிப்பு தனியாக எழுத வேண்டிய விஷயம். பிரஷ் ஹோல்டரில் தாராளமாக ஏறி இறங்குகிறதா, ஸ்பிரிங் எல்லாவற்றிலும் ஒரே அழுத்தமா, ரிங்கில் கோடு விழுந்திருக்கிறதா, கார்பன் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரோட்டாருக்கு மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) போடும்போது ஸ்டார்ட்டர் கேபிள் கழன்றிருக்க வேண்டும். சோடாத் தண்ணீரோடு சேர்த்து மெகர் போட்டுவிட்டு ரோட்டார் எர்த் ஆகிவிட்டது என்று ராத்திரி முழுக்க பிளான்ட்டையே கலக்கிய கதைகள் உண்டு.

காலியாக ஒரு ஒத்திகை

பிரேக்கரை டெஸ்ட் பொசிஷனில் வைத்து, ஹெச்.டி. இல்லாமல் முழு ஸ்டார்ட்டையும் ஒருமுறை ஓட்டுங்கள். எலக்ட்ரோடு ஸ்டார்ட் லிமிட் சுவிட்சில் இல்லாவிட்டால் பிரேக்கர் விழக் கூடாது. ஷார்ட்டிங் கான்டாக்டர் மூடியிருந்தாலும் விழக் கூடாது. கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பிரேக்கர் போடச் சொல்லிப் பாருங்கள், விழுந்துவிட்டால் அந்த இன்டர்லாக் சரியாகும் வரை இந்த மோட்டாரை ஓட்டாதீர்கள். பிரேக்கர் விழுந்ததும் எலக்ட்ரோடு நகர ஆரம்பிக்க வேண்டும், 30 முதல் 40 நொடியில் கடைசி லிமிட்டுக்கு வர வேண்டும், அங்கே ஷார்ட்டிங் கான்டாக்டர் மூட வேண்டும். மூடவில்லை என்றால் டைமர் பிரேக்கரைத் தட்டிவிட வேண்டும். தண்ணீர் மட்டம் குறைந்தாலும், வெப்பநிலை மேனுவல் சொல்லும் எல்லையைத் தாண்டினாலும் ஸ்டார்ட் தடைபட வேண்டும், ஃப்ளோட்டைக் கையால் அமுக்கி அதையும் சோதியுங்கள். டிரிப் ஆனவுடன் ஷார்ட்டிங் கான்டாக்டர் திறந்து, எலக்ட்ரோடு தானாக ஸ்டார்ட் இடத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள்.

எதையும் பைபாஸ் செய்யாதீர்கள். ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது லிமிட் சுவிட்சில் ஒரு துண்டு வயரைச் சொருகுவது சுலபம். ரோட்டார் ஷார்ட்டான நிலையில் 6.6 கிலோவோல்ட் ஏறினால் மோட்டார், கப்ளிங், கியர் மூன்றும் ஒன்றாக அடி வாங்கும்.

முதல் ஸ்டார்ட்

முடிந்தால் முதலில் கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள், திசையைப் பாருங்கள். அப்புறம் மில்லோடு. மில் பல நாள் நின்றிருந்தால் உள்ளே உருண்டையும் சிமென்ட்டும் ஈரம் வாங்கி ஒரே கட்டியாக இறுகியிருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் செய்தால் அந்தக் கட்டி சரியாமல் மேலே வரை ஏறி மொத்தமாக விழும், பேரிங்கும் ஷெல்லும் தாங்காது. இன்ச்சிங் டிரைவில் (மில்லை மெதுவாகத் திருப்பும் தனி சின்ன மோட்டார்) ஒன்றிரண்டு சுற்று மெதுவாகச் சுற்றி, உள்ளே உருண்டை புரளும் சத்தம் கேட்ட பிறகுதான் மெயின் மோட்டார்.

ஒருவர் ஸ்டேட்டார் ஆம்மீட்டரில், ஒருவர் ஸ்டார்ட்டர் பக்கத்தில் தள்ளி நின்று எலக்ட்ரோடு இண்டிகேட்டரில், ஒருவர் எமர்ஜென்சி புஷ் பட்டனில். பிரேக்கர் விழுந்ததும் தொட்டியில் இருந்து கனமான ஒரு ரீங்காரம் வரும், அப்போது ரோட்டார் ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸ். மில் வேகம் பிடிக்கப் பிடிக்க ரோட்டார் ஃப்ரீக்வென்சி குறைவதால் அந்த ரீங்காரம் கீழே இறங்கி இறங்கி, கடைசியில் கேட்காமலே போய்விடும். பழகிய காதுக்கு ஸ்டார்ட் நன்றாக நடக்கிறதா என்பதை அதுவே சொல்லிவிடும்.

பிரேக்கர் விழுந்த உடனே மில் குதித்து எழுந்தால் கரைசல் அடர்த்தி அதிகம். எலக்ட்ரோடு பாதி தூரம் வந்தும் மில் அசையவில்லை என்றால் கரைசல் நீர்த்திருக்கிறது, அல்லது மில் இறுகியிருக்கிறது. எலக்ட்ரோடு நகர ஆரம்பித்து ஐந்தாறு நொடிக்குள் மில் மெல்ல அசைந்தால் அதுதான் நல்ல ஸ்டார்ட். ஸ்டார்ட் முடியும் வரை கரன்ட் 200, 240 ஆம்பியருக்குள் நிற்க வேண்டும்.

எலக்ட்ரோடு கடைசி இடத்துக்கு வந்த பிறகும் தண்ணீரில் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் மிச்சம் இருக்கும். ஆரம்பத்தில் இருந்ததில் இருபதில் ஒரு பங்கு என்றால் 0.09 ஓம், அதாவது நம் 1.24ல் 7 சதவீதம். அப்போது மோட்டார் 1000ல் சுமார் 925 சுற்றில் ஓடும், ஷார்ட்டிங் கான்டாக்டர் மூடியதும் ஒரு கணம் கரன்ட் எகிறி 990 சுற்றுக்கு ஏறும். மூடுவதற்கு முன் வேகம் 900க்குக் கீழே இருந்தால் எலக்ட்ரோடு முழுசாக நெருங்கவில்லை, அல்லது எலக்ட்ரோடில் பொறுக்கு படிந்திருக்கிறது.

எத்தனை முறை ஸ்டார்ட் செய்யலாம்

மேனுவல் சொல்வதுதான் சட்டம், மோட்டார் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான். ஏன் என்பது ஒரு சின்னக் கணக்கு. 1.2 மடங்கு டார்க்கில் 30 நொடியில் வேகம் பிடித்தால், ரோட்டார் பக்கம் வெந்து போகும் ஆற்றல் 1500ஐ 1.2ஆலும் 30ஆலும் பெருக்கியதில் பாதி, அதாவது 27,000 கிலோஜூல். கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீருக்குத்தான் போகும். 1200 லிட்டர் தண்ணீர் அதில் 5.4 டிகிரி சூடாகும். மூன்று ஸ்டார்ட் என்றால் 16 டிகிரி, ரெசிஸ்டன்ஸ் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும், நாலாவது ஸ்டார்ட் முதல் ஸ்டார்ட் மாதிரி இருக்காது. மில் அசையாமல் நின்றே போனால் இன்னும் மோசம், அதே டார்க்கில் அதே 30 நொடிக்குச் சூடு இரண்டு மடங்கு. ஒருமுறை எழவில்லை என்றால் மறுபடி பட்டனை அமுக்காமல் காரணத்தைத் தேடுங்கள்.

மட்டம் குறைந்தால்

என்னை மிகவும் படுத்தியது இந்த ஒரு விஷயம்தான். ஒரு ஆலையில் மில் ஸ்டார்ட் ஆகும்போது கட்டடமே அதிர ஆரம்பித்தது. பிரேக்கர் போட்ட உடன் 120 ஆம்பியரில் நிற்க வேண்டிய கரன்ட் 230ஐத் தொட்டது. கியர் பார்த்தார்கள், கப்ளிங் பார்த்தார்கள், அலைன்மென்ட் இரண்டு தடவை எடுத்தார்கள். நான் வேரியாக்கை இழுத்துக்கொண்டு போய் அளந்தபோது 30 வோல்ட் வைத்தாலே 17 ஆம்பியர் ஓடியது, ஒரு ஃபேஸுக்கு 0.88 ஓம், இருக்க வேண்டியதில் பாதி. விசாரித்தால், ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு டிரம்மில் சோடாக் கரைசல் தயாராக வைத்து, மட்டம் குறையும் போதெல்லாம் ஷிஃப்ட் ஆட்கள் அதில் இருந்து ஊற்றி வந்திருக்கிறார்கள், இரண்டு வருஷமாக. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அது எங்கள் தவறு.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், சோடா தொட்டியிலேயே இருக்கும். அதனால் ஆவியாகி மட்டம் குறைந்தால் வெறும் டிஎம் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். கேஸ்கெட் கசிந்தோ வழிந்தோ கரைசலே வெளியே போயிருந்தால்தான் கரைசல் ஊற்ற வேண்டும், ஊற்றிய பிறகு அளக்க வேண்டும். ஷிஃப்ட் லாக் புக்கில் எவ்வளவு ஊற்றினோம், எது ஊற்றினோம் என்று இரண்டு கட்டம் போட்டுவிடுங்கள்.

பாதி வேகத்தில் மாட்டிக்கொண்டால்

மில் எழுகிறது, மோட்டார் ஏறக்குறைய 500 சுற்று வரை வருகிறது, அதற்கு மேல் ஏற மறுத்து முனகுகிறது. இதைப் பார்த்தால் லோடு அதிகம் என்று நினைக்காதீர்கள், ரோட்டாரில் ஒரு ஃபேஸ் அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் ஸ்லிப் ரிங் மோட்டார் பாதி வேகத்திலேயே நின்றுகொள்ளும், கோர்கெஸ் விளைவு என்று இதற்குப் பெயர். உடனே டிரிப் செய்துவிட்டு ஒரு தொட்டியில் மட்டம் இறங்கியிருக்கிறதா, கேபிள் லக் (கேபிள் முனையின் உலோகப் பிடி) கழன்றிருக்கிறதா, ஒரு ரிங்கில் மட்டும் பிரஷ் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவற்றில் லக்தான் அதிகம்.

முழு வேகத்தில் ஓடும்போது ஸ்டேட்டார் ஆம்மீட்டர் முள் நொடிக்கு ஒரு தடவை ஊசலாடினால் அதுவும் ரோட்டார் பக்கத்துச் சமநிலைக் கோளாறுதான், பெரும்பாலும் ஷார்ட்டிங் கான்டாக்டரில் ஒரு முனை சரியாக உட்காராததால். ரோட்டார் கேபிளில் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்க்கலாம் என்று போனால் சாதாரண கிளாம்ப் ஏமாற்றும், ஓட்டத்தில் அங்கே ஃப்ரீக்வென்சி அரை ஹெர்ட்ஸ் அளவுதான். டிசியும் அளக்கிற ஹால் வகைக் கிளாம்ப் வேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை

ஷட்டவுனில் கரைசலை முழுக்க வடித்துவிடுங்கள், மழைநீர்க் கால்வாயில் அல்ல, கழிவுநீர் சுத்திகரிப்புக்கு. எலக்ட்ரோடைச் சுரண்டி, தேய்மானம் பார்த்து, கீழே கிடக்கும் சேற்றை அள்ளி, தொட்டியின் இன்சுலேட்டர்களைத் துடைத்து மெகர் போடுங்கள். ஸ்க்ரூ ராடுக்கு கிரீஸ், லிமிட் சுவிட்ச் நெம்புகோல்களுக்கு ஒரு ஆட்டம், ஷார்ட்டிங் கான்டாக்டர் முனைகளுக்கு மைக்ரோ ஓம் அளவு. ரோட்டார் கேபிள் லக் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் இறுக்கிப் பெயின்ட் கோடு போடுங்கள், அடுத்த முறை கோடு விலகியிருந்தால் பார்த்தவுடன் தெரியும். புதுக் கரைசல் கலந்து அளந்த எண்களை, வெப்பநிலையோடும் தேதியோடும், கதவின் உள்பக்கம் பழைய எண்ணுக்குக் கீழேயே எழுதுங்கள். பழையதை அழிக்க வேண்டாம்.